ஆறாவது நிறம்

“இதுல எங்க ஊரு எங்கன இருக்கு, சார்?”

மேசைமேல் விரித்திருந்த படத்தில் சந்தனமாரி விரல் வைக்கவில்லை. முப்பது வருஷமாக உப்பு வாரிய கை. நகக்கண்ணெல்லாம் வெடித்துக் கிடந்தது. சர்க்கார் காகிதத்தில் கறை படிந்துவிடுமோ என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயால்தான் காட்டினாள்.

கிருபாகரன் படத்தை அவள் பக்கமாகத் திருப்பினான். நில வகைப்பாட்டு மையத்தில் அவனுக்கு அது ஐந்தாவது வருஷம். வேலூர்க்காரன். தூத்துக்குடி வெயில் இன்னும் பழகவில்லை என்பது அவன் சட்டைக் காலரிலேயே தெரிந்தது.

“நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் ஒரு சதுரம்மா. உங்க நடுத்தெப்பம் மொத்தமும் இந்த ஒரு சதுரத்துக்குள்ள வந்துடுது.”

“வந்துட்டுல்லா? அப்போ எங்க?”

“இந்தப் படத்தை நாங்க பார்க்கிறதில்லை. மெஷின் பார்க்குது. வீடு, மரம், ஆளுன்னெல்லாம் அதுக்குத் தெரியாது. நிறம் மட்டும்தான். படத்துல லட்சக்கணக்கா புள்ளி இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற புள்ளியையெல்லாம் குவியல் குவியலா சேர்க்கும். எந்த அஞ்சு குவியல் பெருசோ, அந்த அஞ்சு நிறத்தை எழுதிக் கொடுத்துடும்.”

“மிச்சம்?”

“மிச்சத்தை எந்தப் பெரிய குவியலோட ஓரளவு ஒத்துப்போகுதோ அதுக்குள்ள தள்ளிடும்.”

படத்துக்குக் கீழே ஐந்து கட்டம் இருந்தது. வெள்ளை, உப்பு. சாம்பல், சேறு. செங்கல் நிறம், முற்றிய உப்புநீர். பச்சை, உடைமரம். கடைசிக் கட்டத்தில் கருநீலம். பக்கத்தில் ‘நூற்றுக்கு 4’ என்று அச்சாகியிருந்தது.

“இது என்னது, இந்த நீலம்?”

“ஒளிமின் கம்பெனிக்காரங்க முன்னோட்டத்துக்காக மூலையில வச்சிருக்கிற தகடு.”

“அது வந்து ஒரு வருசம் ஆகலை, சார். நாங்க வந்து நாப்பத்தொரு வருசம். அறுபத்தோரு வீடு. அதுக்குப் பேரு எழுதியிருக்கு, எங்களுக்கு இல்லையா?”

“உங்க கூரையெல்லாம் வெள்ளையா இருக்கும்மா. உப்பும் வெள்ளை. மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“வெள்ளை அடிச்சது யாரு? வெயில் தணிப்புத் திட்டம்னு பேனர் கட்டிக்கிட்டு வந்து உங்க சர்க்கார் அடிச்சுட்டுப் போச்சு. கூரை குளுந்துச்சு, நான் இல்லைங்கலை. அதுக்குன்னு ஆளையே காணாம ஆக்கிருவியளா?”

கிருபாகரன் தண்ணீர் குடித்தான். இரண்டு வருஷமாக அந்தச் சதுரம் ‘ஆளில்லா வெறும் நிலம்’ என்றே பதிவாகியிருந்தது. இந்த வருஷமும் அப்படியே வந்தால் மூன்று. மூன்று தடவை வெறும் நிலமாகப் பதிவானது கம்பெனிக்குப் போய்விடும். அதைத்தான் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் சந்தனமாரி ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

“ரேஷன் கார்டு கொண்டாந்திருக்கேன். ஓட்டுக் கார்டும் இருக்கு. ஊருக்கே சேத்து நகல் எடுத்தாச்சு.”

“பேப்பர் செல்லாதும்மா. பேப்பரை வச்சுத்தான் முன்னாடி இல்லாத ஊரையெல்லாம் இருக்குன்னு எழுதினாங்க. ஒரே தாலுக்காவுல நாப்பது ஊரு. நேர்ல போய்ப் பார்த்தா ஒரு அடுப்புகூடக் கிடையாது. அதை நிறுத்தத்தான் இந்த மெஷின். இதுக்கு யாரும் டீ வாங்கித் தர முடியாது, பயமுறுத்தவும் முடியாது. படம் மட்டும்தான் சாட்சி.”

“இல்லாத ஊர இருக்குன்னு எழுதுனது தப்பு. சரி. இருக்க ஊர இல்லன்னு எழுதுனா அதுக்குப் பேரு என்ன?”

அவன் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டான்.

“ஒரு கட்டம் கூடப் போட்டா என்ன? ஆறு?”

“படிவத்துல அஞ்சுதாம்மா இருக்கு.”

“படிவம் யாரு போட்டது?”

“பழைய படிவம். கிணறு, குளம்னு எழுதுறதுக்காக எப்பவோ அச்சடிச்சது.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த மெஷினுக்கான நிரலை எழுதினது நான்தான். எத்தனை நிறம் வேணும்னு ஒரு எண் கேட்கும். படிவத்தைப் பார்த்தேன், அஞ்சு கட்டம் இருந்துச்சு. அஞ்சுன்னு போட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சந்தனமாரி சிரித்துவிட்டாள். கோபத்தில் வந்த சிரிப்பு. “எங்க ஊர எவனோ ஒரு அச்சாபீஸ்காரன் அழிச்சிருக்கான். நானும் கம்பெனிக்காரன், கலெக்டர்னு யாரையெல்லாமோ ஏசிக்கிட்டு வாரேன்.”

“ஆறுன்னு மாத்தணும்னா மேலேயிருந்து உத்தரவு வரணும். மனு கொடுத்துட்டுப் போங்க. ஆனா இந்த வருஷத்துக்குள்ள நடக்காது.”

“மனு குடுக்கேன். அது கெடக்கட்டும். இந்த அஞ்சு கட்டத்துக்குள்ள வாரதுக்கு என்ன செய்யணும்?”

“அதெப்படிம்மா…”

“கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க, தம்பி.”

சார் தம்பியானதை அவன் கவனித்தானோ இல்லையோ, சொன்னான். “அஞ்சாவதா இருக்கிற நிறத்தைவிடக் கூடுதலா இருக்கணும். மத்த எந்த நிறத்தோடயும் ஒட்டாம இருக்கணும். பட்டியல்ல பேரில்லாத நிறம்னா அலுவலர் நேர்ல வந்து பார்த்துத்தான் எழுதணும்.”

“அஞ்சாவது நீலம். நூத்துக்கு நாலு. நாலுன்னா எம்புட்டு எடம்?”

“நானூறு சதுர மீட்டர்.”

“எங்க கூரை ஒண்ணு முப்பது. அன்னைக்கு வெள்ளை அடிக்க வந்தவன் அளந்து சொன்னான்.” பாத்திக்குப் பாத்தி உப்புக் குவியல் எண்ணிப் பழகிய கை, இப்போது பின்னாலிருந்து முன்னால் வந்து விரல்மடிப்பில் ஓடியது. “பதிமூணு வீட்டுக்கு முன்னூத்தித் தொண்ணூறு. பத்தாது. பதினாலு வீடு. நானூத்தி இருவது.”

“வேணும்னே பெயிண்ட் அடிச்சா அது ஏமாத்து வேலை ஆகாதா?”

“எங்க வீட்டுக்கு நாங்க சாயம் அடிக்கது ஏமாத்தா? வீடு பொய்யா, தம்பி? உள்ள இருக்க ஆளு பொய்யா?” குனிந்து காகிதங்களை மஞ்சப்பைக்குள் திணித்தாள். “படம் என்னைக்கு எடுக்காவ?”

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். “செயற்கைக்கோள் போற நேரம் ஒண்ணும் ரகசியம் இல்லை. பஞ்சாங்கம் மாதிரி யார் வேணும்னாலும் பார்க்கலாம். இங்க ஜூன் பதினெட்டு. காலையில பத்து நாப்பது.”

* * *

நாலு பக்கமும் உப்புப் பாத்தி சூழ்ந்த மேடு நடுத்தெப்பம். கடல்நீரைத் தேக்கும் பழைய தெப்பம் ஒன்று தூர்ந்துபோன இடத்தில், உப்பு வார வந்த சனம் குடிசை போட்டது. குடிசை காங்கிரீட் கூரை போட்ட வீடாக ஒரு தலைமுறை ஆனது. குடிக்கிற தண்ணீர் மட்டும் இன்றைக்கும் லாரியில்தான், நாலு நாளைக்கு ஒருமுறை.

சாயங்காலம் வேலை முடிந்து கால் கழுவாமலே எல்லாரும் வந்து கூடினார்கள். சந்தனமாரி சொல்லி முடித்ததும் கொத்தனார் லிங்கதுரை முதலில் வாய் திறந்தான்.

“இதுல என்ன யோசனை? செவப்பு அடிப்போம். இலங்கையில நின்னு பாத்தாலும் தெரியும்.”

“நீ உப்பளத்துலதான பொறந்த? தண்ணி முத்துனா என்ன நெறம்?”

“செவ… ஓ.”

“உன் வீட்ட உப்புத்தண்ணின்னு எழுதிட்டுப் போயிருவான்.”

“அப்போ பச்சை?”

“உடைமரம்.”

“மஞ்சள்?”

“உப்பு அம்பாரத்து மேல போட்ட ஓலை காஞ்சு கெடக்கே, அது என்ன நெறம்?”

“நீலம்?” என்றது ஒரு குரல்.

“அது கம்பெனிக்காரனுக்கு நாமளே போய் ஓட்டுப் போடுத மாதிரி.”

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்கள். இத்தனை வருஷம் பார்த்த இடத்தில் இத்தனை நிறம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யாரோ கணக்கெடுத்துச் சொன்னதுபோல் இருந்தது.

“ஏட்டி சந்தனமாரி,” என்றாள் பூரணம். சந்தனமாரியின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி அவள். தம்பதியாய் வாழ்ந்தது ஒன்பது வருஷம், நாத்தனாரோடு சண்டை போட்டு வாழ்வது இருபது வருஷம். “உன் சங்கத்துச் சேலைய எடுத்தா பாப்போம்.”

“இப்போ எதுக்கு மைனி, அந்த எழவ இழுக்குதிய?”

மகளிர் சங்கத்துக்கு ஒரே நிறத்தில் சேலை எடுத்தபோது தலைவியான சந்தனமாரி பிடிவாதமாக வாடாமல்லி நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கத்தரிப்பூவையும் ரோஜாவையும் கூட்டி அதில் வெளிச்சம் போட்ட மாதிரி ஒரு நிறம். இதை உடுத்திக்கொண்டு துட்டி கேட்க இழவு வீட்டுக்குப் போக முடியாது, கோயிலுக்கும் போக முடியாது, மாடு பார்த்தால் மிரளும் என்று ஊரே ஏசியது. ஏசியதில் குரல் ஓங்கியது பூரணத்துக்குத்தான்.

“எடுத்தா சொல்லுதேன்.”

சேலை வந்தது. இருபது பேர் வரப்பில் நடந்து போய்ப் பாத்தி ஓரத்தில் அதை விரித்தார்கள். ஒரு முனை உப்பின்மேல், ஒரு முனை செந்தண்ணீருக்குப் பக்கத்தில், நடுப்பாகம் சேற்றின்மேல்.

“எதோடயும் சேரலையே,” என்றான் லிங்கதுரை.

“நம்ம சந்தனமாரி மாதிரி,” என்றாள் பூரணம்.

நிறம் முடிவானது. சுண்ணாம்பில் கலக்கிற கலர்ப்பொடியே போதும், டவுனில் கிடைக்கும் என்று லிங்கதுரை சொன்னான். ஆனால் யாருடைய கூரை என்று வந்தபோது கூட்டம் தரையைப் பார்த்தது.

செல்லக்கிளிதான் சொன்னாள். இடுப்பில் ஆறு மாசப் பிள்ளை. “வெள்ளை அடிக்கதுக்கு முன்னால எப்படி இருந்தோம்னு மறந்து போச்சாக்கா? மத்தியானம் உள்ள கால வைக்க முடியாது. இந்தச் சாயத்த அடிச்சா மறுபடியும் அதே அடுப்புதான். எம் பிள்ளைய அதுக்குள்ள எப்படிப் போடுவேன்?”

“உன் வீட்ட யாரு கேட்டா?”

“இன்னும் கேக்கலை. கேட்ருவியோன்னுதான் சொல்லுதேன்.”

பதினாலு வீட்டுக்காரர்கள் சூடு தாங்க வேண்டும், நாற்பத்தேழு வீடு குளிர்ந்து கிடக்க. அதுதான் கணக்கு. சந்தனமாரி அதை அப்படியே சொன்னாள். பூசி மெழுகவில்லை. பத்தே முக்காலுக்குப் பிறகு திரும்ப வெள்ளை அடித்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது, பதிவு வந்த பிறகு அலுவலர் நேரில் வந்து பார்ப்பார், அதுவரை நிற்க வேண்டும் என்றாள்.

“பகல்ல பதினாலு வீட்டு ஆளும் மத்த வீட்டுல வந்து கெடக்கட்டும்,” என்றாள் ஒருத்தி. “எங்க வீட்டுல நாலு பேரு படுக்கலாம்.”

“உன் வீட்டுக்காரன் விடுத கொறட்டைக்கு வெயிலே தேவல.”

ஒவ்வொரு கையாகத் தூக்கி எண்ணினார்கள். பன்னிரண்டு. லிங்கதுரை தன் மைத்துனன் கையைப் பிடித்துத் தூக்கினான். பதின்மூன்று. அதற்குமேல் எழும்பவில்லை.

“நம்ம வீடு பதினாலு,” என்றாள் பூரணம்.

“முடியாது,” என்றாள் சந்தனமாரி.

“ஏன் முடியாது?”

“மூணு வருசம் முந்தி சித்திரையில அந்தக் கூரைக்கடியில சுருண்டு கெடந்தது யாரு? டாக்டர் என்ன சொன்னாவ? இன்னொரு தடவ வெக்கை தாக்குனா தாங்காதுன்னு சொன்னாவளா இல்லையா?”

“சொன்னாவ. ஊரு இல்லன்னு எழுதுனா தாங்கும்னு சொன்னாவளா?”

“மைனி…”

“ஏட்டி, பதிமூணு பேரு கையத் தூக்குத வரைக்கும் நீ தூக்கலை. எனக்காகத்தான் தூக்கலைன்னு எல்லாத்துக்கும் தெரியும். தெரிஞ்சாலும் நாளைக்குப் பேசுவாவ. தலைவி வீட்டுக் கூரை மட்டும் வெள்ளைன்னு. அந்தப் பேச்ச விடவா வெக்கை பெருசு?” கிழவி கையைத் தூக்கினாள். வளையல் முழங்கை வரை நழுவியது. “பதினாலு. எழுதிக்கோ.”

* * *

ஜூன் பன்னிரண்டாம் தேதி தொடங்கிப் பதினைந்தில் முடித்தார்கள். லிங்கதுரை மட்டை கொண்டு இரண்டு பூச்சுப் பூசினான். கடைசிக் கூரையிலிருந்து இறங்கியபோது தலையிலிருந்து கால்வரை வாடாமல்லியாக இருந்தான். அவன் பெண்டாட்டி, இந்த நிறத்திலாவது கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறாய் என்றாள்.

பதினாலு வீட்டுக்குள்ளும் வெக்கை ஏறியது. மத்தியானத்தில் பூரணம் செல்லக்கிளி வீட்டில் போய்ப் படுத்தாள். பிள்ளையைத் தூளியில் ஆட்டிக்கொண்டே அதற்கும் சந்தனமாரியைப் பற்றிப் புகார் சொன்னாள்.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்குச் சந்தனமாரி ஏணி ஏறிக் கூரையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“லிங்கதுரை! ஏல லிங்கதுரை!”

அவன் ஓடிவந்து ஏறினான். முந்தின நாள் வரை லேசாக வெளிறியிருந்த கூரை, இப்போது மாவு தூவியதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. மற்ற பதின்மூன்றும் அப்படியே. விரலால் தடவி நாக்கில் வைத்தாள்.

“உப்பு பூத்திருக்குல. சுண்ணாம்ப எந்தத் தண்ணியில கலக்குன?”

லிங்கதுரை வரப்புப் பக்கம் கையைக் காட்டினான். “பாத்திக் கெணத்துத் தண்ணியில.”

“அட மூதி!”

“குடிக்க தண்ணியவா சுண்ணாம்புல ஊத்தச் சொல்லுத? நம்ம ஊருல யாரு அப்படிச் செய்வா? நீ செய்வியாக்கா? எங்கப்பன் கட்டுனதும் அதுலதான், நான் கட்டுனதும் அதுலதான்.”

சந்தனமாரி விரலில் ஒட்டிய உப்பைச் சேலையில் துடைத்தாள். அவன் கேட்டிருந்தால் அவளும் கிணற்றைத்தான் காட்டியிருப்பாள். குடிக்கிற தண்ணீரில் கை கழுவினால்கூட அடி வாங்குகிற ஊரில் வளர்ந்தவர்கள். வேறு எந்த ஊர்க் கொத்தனார் வந்திருந்தாலும் ‘நல்ல தண்ணி எங்கே’ என்று கேட்டிருப்பான்.

“பெருக்கிப் பாப்போம்.”

பெருக்கினார்கள். உப்பு ஈஷிக்கொண்டு இன்னும் வெளுத்தது.

“கெணத்துத் தண்ணிய ஊத்திக் கழுவுவோம்.”

“இந்த வெயில்ல கால் மணி நேரத்துல காஞ்சு மறுபடி பூக்கும். நமக்குத் தெரியாத உப்பா?” சந்தனமாரி எழுந்தாள். “நல்ல தண்ணிதான் கரைக்கும்.”

லாரி முந்தாநாள் வந்தது. இனி இருபதாம் தேதிதான். அவள் கூரையிலிருந்தே கத்தினாள். ஊர் முழுக்கக் கேட்கிற குரல்; பாத்தியில் நின்று வரப்புக்கு வரப்பு வேலை சொல்லிப் பழகிய குரல்.

“எல்லாரும் கேளுங்க! வீட்டுல இருக்க நல்ல தண்ணியெல்லாம் வேணும். கூரையக் கழுவணும். இன்னைக்கு ஊத்துனா நாளான்னைக்கு வரைக்கும் குடிக்கக் கெடையாது. நான் யாரையும் இழுத்துட்டு வர மாட்டேன். குடுக்கவங்க குடுங்க!”

கொஞ்ச நேரம் ஒரு கதவும் திறக்கவில்லை. காற்று மட்டும் உப்பை வாரிக்கொண்டு தெருவில் போனது. முப்பது வருஷம் ஒரே பாத்தியில் தன்னோடு நின்றவர்களின் கதவுகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

முதலில் வந்தவள் செல்லக்கிளி. இடுப்பில் பிள்ளை இருக்கும் இடத்தில் குடம்.

“வீடுதான் குடுக்க முடியலை.”

“எத்தனை குடம்டி வச்சிருக்க?”

“மூணு.”

“ரெண்டு போதும். ஒண்ண பிள்ளைக்கு வையி. பால் குடுக்கவ நீ. வச்சுட்டுப் பேசு.”

பிறகு தெரு நிறைந்தது. பிளாஸ்டிக் குடம், சில்வர் குடம், வாளி, கேன். ஏணிக்குக் கீழே வரிசை கட்டி உப்புக் கூடை கைமாற்றுகிற மாதிரியே குடத்தைக் கைமாற்றினார்கள். கூரைக்குப் பத்துக் குடம். சந்தனமாரி உப்பு வாருகிற பலகையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளினாள். வெள்ளை கரைந்து விளிம்பில் ஒழுகியது. அடியிலிருந்து நிறம் எழுந்து வந்தது. நனைந்த வாடாமல்லி, காய்ந்ததைவிடப் பளீரென்று.

குடிக்கிற தண்ணீர் சுவரில் வழிந்து மண்ணில் போவதைப் பார்த்து ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேர் விளிம்பில் வாய் வைத்துக் குடிக்கப் பார்த்துத் துப்பினார்கள். சுண்ணாம்பு.

பத்து இருபதுக்குப் பதின்மூன்று முடிந்தது. பதினாலாவது சந்தனமாரியின் வீடு. ஆறு குடம்தான் மிச்சம்.

“பாதிக் கூரைதான் வரும்,” என்றான் லிங்கதுரை. “பாதின்னா நானூத்தி அஞ்சு. ஓரம் சாரம் போனா நீலம் முந்திரும்.”

பூரணம் உள்ளே போய், சேலைத் தலைப்பால் மூடி எதையோ தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கேன். ஒவ்வொன்றும் இருபது லிட்டர்.

“இது எங்கிருந்து மைனி?”

“ஒளிச்சு வச்சிருந்தேன். உன் ஆட்டம் எங்க போய் முடியும்னு எனக்குத் தெரியாதா?”

“இதையும் ஊத்திட்டா நீங்க என்ன குடிப்பிய? டாக்டர்…”

“அந்த டாக்டர் பேச்ச விடு. ஊத்துட்டி. மணி ஆவுது.”

ஊற்றினார்கள். பத்து முப்பத்தெட்டுக்குக் கடைசி வெள்ளை கரைந்தது. எல்லாரும் தெருவுக்கு வந்து மேலே பார்த்தார்கள். வெறும் வானம்.

“போயிட்டா?”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“கையக் காட்டுங்க,” என்றாள் பூரணம். “நாலு பேரு இருக்கோம்னு தெரியட்டும்.”

“அது நெறத்த மட்டும்தான் பாக்கும், மைனி.”

“பாக்காட்டா போவுது. நான் காட்டுதேன்.” அந்தக் கிழவி இரண்டு கையையும் தூக்கி வானத்தைப் பார்த்து ஆட்டினாள். வழக்கமாகத் தண்ணீர் லாரிக்காரனை நிறுத்த ஆட்டுகிற அதே ஆட்டல்.

மறுநாள் மத்தியானம் செல்லக்கிளி வீட்டுத் தூளிக்குப் பக்கத்தில் பூரணம் மயங்கிச் சாய்ந்தாள். பின்னால் சந்தனமாரி தாங்கிப் பிடிக்க, லிங்கதுரை பைக்கில் நடுவே உட்காரவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஐந்து நாள் படுக்கை. பேச்சு திரும்ப மூன்று நாள் ஆனது. திரும்பியதும் கையில் இறங்குகிற குளுக்கோஸ் பாட்டிலைக் காட்டி, “நம்ம ஊருக்குத்தான் குழாய் கெடையாது. எனக்குத் தனியா ஒரு குழாய் போட்டாச்சு, பாத்தியா?” என்றாள். நாக்கு ஒரு பக்கமாக இழுத்தது. அதற்குப் பிறகு இடது கை முழுசாகத் தூக்க வரவில்லை.

* * *

மூன்று வாரம் கழித்துக் கிருபாகரன் மொபெட்டில் வந்து இறங்கினான். ஐந்து வருஷத்தில் அவன் முதல்முறையாக ஒரு சதுரத்துக்குள் கால் வைத்தான்.

“வாங்க தம்பி. உள்ள உக்காருங்க.”

“வெளியவே உட்காரலாம்மா.”

“இல்ல, உள்ளதான். பதிவு பண்ண வந்திருக்கிய. எல்லாத்தையும் பதிவு பண்ணணும்லா.”

வாடாமல்லிக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தான். ஐந்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. கட்டிலில் கிடந்த பூரணம் வலது கையால் அவனுக்கு விசிறினாள்.

“மெஷின் அஞ்சாவது கட்டத்துல ஒரு நிறம் கொடுத்திருக்கு,” என்றான். “நூத்துக்கு நாலு புள்ளி ஒண்ணு. அதோட பட்டியல்ல அந்த நிறத்துக்குப் பேரே கிடையாது. ‘அறியப்படாதது, அலுவலர் நேரில் பார்த்து எழுதவும்’னு வந்துச்சு.”

“பாத்துட்டியளா?”

“பார்த்துட்டேன்.”

“என்ன எழுதப் போறிய?”

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “உள்ள உட்கார வச்சுட்டு இதைக் கேட்கிறீங்களே.”

பையிலிருந்து படிவத்தை எடுத்து, மடியில் வைத்தே ‘குடியிருப்பு, 61 வீடு’ என்று எழுதினான். வியர்வை ஒரு சொட்டு விழுந்து 61-இல் ஒன்றின் கால் கொஞ்சம் கலங்கியது. அவன் அதைத் திருத்தவில்லை.

பதிவின் நகலை வாங்கச் சந்தனமாரி அடுத்த வாரம் அலுவலகம் போனாள். நகலை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருக்கும்போது கதவு படாரென்று திறந்தது. முழுக்கைச் சட்டை போட்ட ஒரு மனிதர் உள்ளே வந்தார். ஒளிமின் கம்பெனியின் மேலாளர். கையில் அதே படம். மேசைமேல் விரித்தார்.

“சார், இதுல எங்க கம்பெனி எங்க இருக்கு?”

கிருபாகரன் படத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தான். ஐந்து கட்டம். வெள்ளை, சாம்பல், செங்கல், பச்சை, வாடாமல்லி.

“உங்க தகடு நூத்துக்கு நாலு சார். இந்தத் தடவை அதைவிடப் பெருசா ஒரு நிறம் வந்துடுச்சு. அதனால பக்கத்துல ஒத்துப்போற குவியல்ல சேர்ந்துடுச்சு.”

“எதுல?”

“சேத்துல.”

“சேறா? இருநூறு தகடு நிக்குது சார் அங்க! நேர்ல வந்து பாருங்க. என்கிட்ட அனுமதிக் கடிதம் இருக்கு, ஒப்பந்தம் இருக்கு…”

“பேப்பர் செல்லாது சார். படம்தான் சாட்சி.”

“முன்னோட்டம் பதிவுல இல்லைன்னா எங்க அனுமதியைப் புதுப்பிக்கவே மாட்டாங்க. ஒரு கட்டம் கூடப் போட்டா என்ன? ஆறு! நான் மேலிடத்துல பேசுறேன்.”

“பேசுங்க சார்.” கிருபாகரன் இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். சந்தனமாரியின் பழைய மனு. கீழே அவள் கையெழுத்து, உப்பு வாரின கையின் கோணல் எழுத்து. “ஆறாவது கட்டம் கேட்டு ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கு. அது வரிசையில ஒண்ணு. உங்களது ரெண்டு.”

மேலாளர் மனுவைப் பார்த்தார். பிறகுதான் பக்கத்தில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார். வாடாமல்லி நிறத்தில் சேலை உடுத்தியிருந்தாள்.

சந்தனமாரி அவரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

“எங்ககிட்ட கலர்ப்பொடி கொஞ்சம் மிச்சம் கெடக்கு, அண்ணாச்சி. வேணும்னா ஆள அனுப்புங்க. உப்புத் தண்ணியில மட்டும் கலக்கிராதிய.”